ஒரு வளையமும் ஒரு விரிசலும்: பழைய பிரௌனிங் ஆட்டோ-5 பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்தது பெல்ஜியத்தின் எஃப்.என். என்ற ஆயுத ஆலையில் தயாரான பிரௌனிங் ஆட்டோ-5. 16 போர் (குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவு) செமி-ஆட்டோமேடிக் ஷாட்கன், அதாவது ரவைகளைச் சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி, இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. உரிமையாளர் மினசோட்டா மாநிலத்தில் வசிக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை. காட்டுக்கோழி வகையான ஃபெசன்ட் வேட்டைக்கு அவர் அப்பா வைத்திருந்த துப்பாக்கி இது. புகார்கள் மூன்று: குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்பிடிக் கட்டை விரிசல் விட்டிருக்கிறது. சுட்டால் தோளில் பலமாக உதைக்கிறது. சில நேரம் காலித் தோட்டா வெளியே விழாமல், அது வெளியேறும் பக்கத் திறப்பான வாயிலிலேயே சிக்கிக்கொள்கிறது.

மூன்றும் தனித்தனிக் கோளாறு என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஏற்கெனவே ஒரு கடையில் காட்டியிருக்கிறார். அவர்கள் முன்பிடியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள், கொஞ்ச காலத்தில் புதுக் கட்டையும் விரிந்துவிட்டது. நல்ல வேளை, அப்பா காலத்து அசல் கட்டையைத் தூக்கிப் போடாமல் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

ஒரே இடத்தில் இரண்டு கட்டைகள் விரிந்தால் குற்றம் மரத்தில் இல்லை. ஆட்டோ-5 வைத்திருப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் மோசஸ் பிரௌனிங் இதற்கு 1900-ல் காப்புரிமை பெற்றார். சுட்டதும் குழலும், அதன் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டும் ஒன்றோடொன்று பூட்டியபடியே, ஒரு தோட்டாவின் நீளத்தைவிடக் கூடுதலான தூரம் பின்னால் ஓடுகின்றன. கடைசி வரை போனதும் போல்ட் அங்கேயே பிடிபட்டு நிற்கும், குழல் மட்டும் ஸ்பிரிங் வேகத்தில் முன்னால் திரும்பும். காலித் தோட்டாவைப் போல்ட்டின் கொக்கி பிடித்துக்கொண்டிருப்பதால், குழல் அதைவிட்டுக் கழன்று முன்னே போகிறது, கூடு பக்கவாட்டில் தெறிக்கிறது. அடுத்த தோட்டா மேகசினிலிருந்து (குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் குழாய்) வெளியே வரும்போது அதுவே போல்ட்டின் பிடியைத் தட்டிவிட, போல்ட் அதைத் தள்ளிக்கொண்டு போய்க் குழலை மூடுகிறது. மேகசின் காலி என்றால் தட்டிவிட ஆள் இல்லை, போல்ட் திறந்தே நிற்கும்.

இதில் குழலின் ஓட்டத்தை யார் கட்டுப்படுத்துவது? பிரௌனிங்கின் கெட்டிக்காரத்தனத்தை நான் பார்ப்பது இங்கேதான். 1900 வாக்கில் கடைகளில் கிடைத்த தோட்டாக்கள் ஒன்றுபோல இருக்காது. கரிமருந்தும் உண்டு, புகையில்லா மருந்தும் உண்டு. லேசானதும் உண்டு, வாத்து வேட்டைக்கான பலமானதும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பிரிங் என்றால், லேசான தோட்டாவில் இயந்திரம் ஓடாது, பலமான தோட்டாவில் அடி வாங்கும். அதனால் மேகசின் குழாயின் மேலே, குழலின் அடி வளையத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே, பிளவுபட்ட ஒரு வெண்கலத் துண்டை வைத்தார். அதோடு ஒரு பக்கம் சரிவு வெட்டிய எஃகு வளையம் ஒன்று. குழல் பின்னால் வரும்போது சரிவுகள் வெண்கலத் துண்டை நெருக்கும், அது மேகசின் குழாயைக் கவ்வும். சைக்கிள் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிப்பது போல இது குழாயைப் பிடிக்கிறது.

பலமான தோட்டாவுக்கு, ரிசீவர் (போல்ட்டும் விசையும் அமைந்த நடு உலோக உடல்) பக்கத்திலிருந்து வரிசை இப்படி: ஸ்பிரிங், அப்புறம் சரிவு முன்பக்கம் பார்த்தபடி எஃகு வளையம், அப்புறம் வெண்கலத் துண்டு, அதன் பிறகு குழலின் அடி வளையம். வெண்கலம் இரண்டு பக்கமும் நெருக்கப்படும், பிடி முழுதாக இருக்கும். லேசான தோட்டாவுக்கு எஃகு வளையத்தைக் கழற்றி ஸ்பிரிங்குக்குப் பின்னால், ரிசீவரை ஒட்டிப் போட்டுவிட வேண்டும். அங்கே அதற்கு வேலை கிடையாது, வெண்கலம் ஒரு பக்கம் மட்டும் நெருக்கப்படும். துப்பாக்கியின் ஆயுளே இந்த ஒரு வளையம் எங்கே இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. முன்பிடியைக் கழற்றிப் பார்த்தால் ஒழிய வெளியிலிருந்து இது தெரியாது.

பரிசோதனைக்கு வருவோம். போல்ட்டைத் திறந்து, அறையும் (குழலில் தோட்டா உட்காரும் பின்பகுதி) மேகசினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகுதான் மற்றதெல்லாம். கழற்றும்போது குழலை ஒரு அங்குலம் போலப் பின்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மேகசின் மூடியைத் திருகி எடுத்து, பிடியை மெதுவாகத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் மூடியைத் தள்ளி மரை கெடும். குழல் கழன்ற நிலையில் போல்ட்டைத் தடாலென்று முன்னால் பாயவும் விடக்கூடாது. தடுக்கக் குழல் இல்லாததால் போல்ட்டின் கைப்பிடி நேராக ரிசீவரில் மோதும். பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் வாயிலின் முன் விளிம்பு நசுங்கியிருப்பதற்கு இதுதான் காரணம்.

முன்பிடி கழன்றதும் பாதி விடை கிடைத்துவிட்டது. எஃகு வளையம் ரிசீவரை ஒட்டி, லேசான தோட்டாவுக்கான இடத்தில் கிடந்தது. மேகசின் குழாயில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. தொட்டால் விரல் வழுக்கும் அளவுக்கு எண்ணெய் இருந்தால் வெண்கலத்தால் எதையும் கவ்வ முடியாது. குழலின் ஸ்பிரிங்கை எடுத்து, அதே அளவுக்கான புது ஸ்பிரிங் பக்கத்தில் நிற்க வைத்தால், பழையது குட்டையாக, தளர்ந்து நின்றது. ரிசீவரின் பின்சுவரின் உட்புறத்தில், வருடக்கணக்காக அடிபட்ட இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது.

ஆக, பிரேக் இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் தடையில்லாமல் பின்னால் ஓடி மோதியிருக்கிறது. திரும்பி முன்னால் வரும் வேகத்தில் மேகசின் மூடியும் முன்பிடியும் அந்த அதிர்வைத் தாங்கியிருக்கின்றன. முன்பிடியின் மெல்லிய பக்கங்கள், ரிசீவரைத் தொடும் பின் விளிம்பு, இவைதான் முதலில் விடும் இடங்கள். இரண்டு கட்டையிலும் விரிசல் அங்கேதான்.

இப்படி ஆகும் விதமும் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். லேசான தோட்டா போட்டுச் சுடும்போது ஒருநாள் இயந்திரம் ஓடாமல் நிற்கும். யாரோ வளையத்தை லேசான நிலைக்கு மாற்றுவார்கள், கூடவே 'நன்றாக ஓடட்டும்' என்று எண்ணெயும் ஊற்றுவார்கள். துப்பாக்கி ஓடும். வளையம் அங்கேயே தங்கிவிடும். அடுத்த பருவத்தில் பலமான தோட்டா உள்ளே போகும். கையேடு எப்போதோ தொலைந்திருக்கும்.

சரி, காலித் தோட்டா சிக்குவது? அது வேறு கதை, இந்த வழக்கில் ஆபத்தான பகுதியும் அதுதான். அறையின் நீளத்தை அளந்தேன்: 65 மில்லிமீட்டர். போருக்கு முந்தைய 16 போர் ஆட்டோ-5-கள் பலவற்றிலும் இதுதான் அளவு. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 16 போர் தோட்டா 70 மில்லிமீட்டர். இந்த அளவு, சுட்ட பிறகு வாய் விரிந்த கூட்டின் நீளம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுடாத தோட்டாவின் வாய் உள்ளே மடிந்திருப்பதால் அது 65 அறைக்குள் எந்தத் தடையும் இல்லாமல் நுழைந்துவிடும், போல்ட்டும் மூடிக்கொள்ளும். சுட்டதும் அந்த மடிப்பு விரிய இடம் இல்லாமல், அறைக்கு முன்னால் குழல் குறுகும் பகுதியில் போய் விரிகிறது. ரவைகள் வெளியேறும் வழி நெருக்கமாகி, அழுத்தம் கூடுகிறது. உதையும் கூடுகிறது. அதோடு 65-க்கென்று வெட்டிய வாயில் வழியாக 70 கூடு வெளியேற வேண்டும், அது முன் விளிம்பில் இடித்து நிற்கிறது.

ஆசிரியை கொண்டுவந்த தோட்டாப் பெட்டியைப் பார்த்தேன். 70 மில்லிமீட்டர்தான். குழலில் வீக்கமோ அறையில் கீறலோ இல்லை என்று பார்த்து உறுதி செய்தபின்தான் எனக்கு நிம்மதி. பழைய 16 போர் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால், மரத்தையும் மெருகையும் ரசிப்பதற்கு முன்னால் அறையை அளந்துவிட வேண்டும்.

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. பிரௌனிங் இதை முதலில் கொண்டுபோனது வின்செஸ்டர் நிறுவனத்திடம். 1883-லிருந்து அவர் வடிவமைப்புகளை ஒரே தொகை கொடுத்து முழுதாக வாங்கி வந்தவர்கள் அவர்கள். இந்த முறை பிரௌனிங், விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பங்கு வேண்டும் என்றார். வின்செஸ்டர் தலைவர் பென்னட் சம்மதிக்கவில்லை, நீண்ட உறவு அத்தோடு முறிந்தது. அடுத்து ரெமிங்டன். 1902 ஜனவரியில் அதன் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைச் சந்திக்கப் பிரௌனிங் காத்திருந்தபோதே ஹார்ட்லி மாரடைப்பில் இறந்துபோனார். பிரௌனிங் கப்பலேறி பெல்ஜியம் போனார். லியேஜ் அருகே ஹெர்ஸ்டாலில் இருந்த எஃப்.என். ஆலை ஒப்புக்கொண்டது. முதல் 10,000 துப்பாக்கிகளைப் பிரௌனிங்கே தன் பெயரில் ஆர்டர் செய்தார். அப்புறம் ரெமிங்டனும் உரிமம் வாங்கி 1905-லிருந்து தயாரித்தது. பின்னாளில் மாடல் 11 என்று பெயர் பெற்றது அதுதான், 1947 வரை வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படைத் துப்பாக்கி வீரர்கள் பறக்கும் இலக்குகளில் பழகியதும் இந்த மாடல் 11-ல்.

வின்செஸ்டருக்கு வந்த சோதனை அதற்குப் பிறகுதான். பிரௌனிங்கின் காப்புரிமை அவ்வளவு இறுக்கமாக எழுதப்பட்டிருந்தது. அதை மீறாமல் சொந்தமாக ஒரு செமி-ஆட்டோமேடிக் செய்ய 1911 வரை ஆனது. போல்ட்டில் கைப்பிடி வைக்க முடியவில்லை. அதனால் மாடல் 1911-ல் குழலையே பிடித்துப் பின்னால் இழுத்துத்தான் துப்பாக்கியைத் திறக்க வேண்டும். அதற்காகக் குழலின் மேல் சொரசொரப்பான பட்டை ஒன்று வெட்டியிருப்பார்கள். அந்தக் காலத்துக் காகிதத் தோட்டா ஈரத்தில் ஊதி அறையில் சிக்கிக்கொண்டால், சிலர் கட்டையைத் தரையில் ஊன்றி, குழலை முகத்துக்கு நேராக வைத்துக் கீழே அழுத்தினார்கள். தோட்டா வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். 'விதவையாக்கி' என்ற பட்டப்பெயர் அப்படி வந்தது. 1925-ல் தயாரிப்பு நின்றது. இன்று அதைச் சேகரிப்பவர்கள் உண்டு, எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கும். ஆனால் அதைச் சுவரில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆட்டோ-5 அதைத் தாண்டி 1998 வரை தயாரிப்பில் இருந்தது. இடையில் 1940-ல் ஜெர்மானியப் படை பெல்ஜியத்தைப் பிடித்ததும், பிரௌனிங் பெயரிலேயே ரெமிங்டன் ஆலையில் செய்து தந்தார்கள். 1970-களின் நடுவில் தயாரிப்பு ஜப்பானின் மிரோக்கு ஆலைக்குப் போனது. சேகரிப்பாளர்களிடம் பெல்ஜியத்துக்குத்தான் மதிப்பு. ஜப்பானியத் துப்பாக்கிகளின் வேலைத்தரம் கொஞ்சமும் குறைந்ததில்லை என்று நான் சொல்வேன். வேட்டைக்குத் தினம் எடுத்துப்போக வேண்டுமென்றால் மிரோக்குவைத்தான் பரிந்துரைப்பேன்.

இனி பழுதுபார்ப்பு. முதலில் ஸ்பிரிங்குகள். மேகசின் குழாயைச் சுற்றிய ஸ்பிரிங்கை மாற்றுவது எளிது. எல்லோரும் மறப்பது, பின்கட்டைக்குள் ஒரு குழாயில் ஒளிந்திருக்கும் போல்ட் ஸ்பிரிங். கட்டையைக் கழற்றினால்தான் தெரியும். இந்தத் துப்பாக்கியில் அந்தக் குழாய்க்குள் பழைய எண்ணெய் காய்ந்து, பழுப்பு நிறத்தில் வார்னிஷ் போல இறுகிக் கிடந்தது. கரைப்பான் ஊற்றி ஊறவைத்து, பிரஷ் விட்டுச் சுத்தம் செய்து, இரண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை.

கட்டையைக் கழற்றுவதற்கு முன் ஸ்க்ரூ பற்றி ஒரு வார்த்தை. ஆட்டோ-5-ல் பெரிய ஸ்க்ரூக்களின் பக்கத்திலேயே, அவை தானாகச் சுழலாமல் பிடிக்கும் குட்டி ஸ்க்ரூக்கள் இருக்கும். முதலில் குட்டியை எடுக்க வேண்டும். அது தெரியாமல் பெரியதைத் திருகினால் தலை பிய்ந்துவிடும். ஸ்க்ரூ தலையின் பிளவும் மிகக் குறுகலானது. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்பு வடிவில் இருப்பதால் பிளவின் மேல் விளிம்பை மட்டும் பிடித்து வழுக்கும். பிளவின் அடிவரை முழுதாக உட்காரும்படி முனையை இழைத்துக்கொண்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். ஒரு பழைய ஆட்டோ-5-ஐ வாங்கப் போகும்போது நான் முதலில் பார்ப்பதும் ஸ்க்ரூ தலைகளைத்தான். கிழிந்திருந்தால், விவரம் தெரியாதவர் யாரோ உள்ளே போயிருக்கிறார் என்று அர்த்தம். இந்தத் துப்பாக்கியில் தலைகள் சுத்தமாக இருந்தன. அப்பா கவனமானவர்.

அசல் முன்பிடியைத்தான் சரிசெய்தோம். மாற்றுக் கட்டையை ஒதுக்கிவிட்டோம். விரிசலுக்குள் பல வருட எண்ணெய் ஊறியிருந்தால் எந்தப் பசையும் ஒட்டாது. அசிட்டோனால் திரும்பத் திரும்பக் கழுவி, எண்ணெய் கசிவது நின்ற பிறகு, விரிசலை மெல்லத் திறந்து எபாக்ஸி ஏற்றிக் கட்டினேன். உள்பக்கத்தில் மட்டும் மெல்லிய கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியோடு படியவைத்தேன். வெளியே எதுவும் தெரியாது. உள்ளே குழலின் அடி வளையம் ஓடும் வழியில் இந்தப் படலம் உரசக்கூடாது. இதைச் சரிபார்க்காவிட்டால் புது விரிசலுக்கு நாமே வழி செய்தவர்கள் ஆவோம்.

மேகசின் குழாயின் எண்ணெய் முழுவதையும் துடைத்தெடுத்தேன். எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை, பிறகு காய்ந்த துணியால் ஒரு முறை. துருப்பிடிக்காமல் காக்கும் அளவுக்கு ஒரு படலம் தங்கும், அது போதும். ரெமிங்டன் மாடல் 11 வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதன் ரிசீவரின் பின்சுவரில் நார் அட்டையாலான தாங்கி ஒன்று இருக்கும். எண்ணெயில் ஊறி அது சிதைந்துபோனால் உலோகம் உலோகத்தோடு மோதும்.

அடுத்தது பெரிய கேள்வி. அறையை 70 மில்லிமீட்டருக்கு நீட்டிவிடலாமே என்று ஆசிரியை கேட்டார். செய்யலாம், பலர் செய்திருக்கிறார்கள். அறையைக் கடைந்தால் மட்டும் போதாது, வாயிலையும் வெட்டி நீட்ட வேண்டும், உள்ளே சில பாகங்களையும் திருத்த வேண்டும். வேண்டாம் என்றேன். வெட்டிய உலோகம் திரும்ப வராது, 65 மில்லிமீட்டர் தோட்டா இன்றும் தயாராகிறது. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் வருடத்துக்குச் சில முறை சுடுபவருக்கு அது பாரம் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் 50 வருடம் தாண்டி மூல வடிவிலேயே இருக்கும் துப்பாக்கிகளுக்குச் சேகரிப்பாளர் உரிமத்தின் கீழ் தனி வகை இருக்கிறது. மூல வடிவம் என்பதற்கு அங்கே சட்டத்திலும் எடை உண்டு, சந்தையிலும் எடை உண்டு.

இதே காரணத்தால்தான் கருநீல மெருகை மீண்டும் ஏற்றவும் மறுத்தேன். ரிசீவரின் விளிம்பில், கை பிடித்துப் பிடித்து வெள்ளிபோல் தேய்ந்த இடம் இருந்தது. அதைப் புதிதாக்க வேண்டுமென்றால் முதலில் பாலிஷ் சக்கரத்தில் பிடிக்க வேண்டும், கூர் விளிம்புகள் மழுங்கும், எழுத்துகள் மங்கும், ஸ்க்ரூ துளைகளைச் சுற்றிக் குழி விழும். பார்க்கப் புதிதாக இருக்கும், ஆனால் அறிந்தவர் கையில் எடுத்ததும் கீழே வைத்துவிடுவார். குழல் முனையை வெட்டி, ரவைகள் பரவுவதைக் கட்டுப்படுத்தும், திருகி மாற்றும் சோக் பொருத்திய துப்பாக்கிகளுக்கும் இதே கதிதான். ஒரு காலத்தில் அது பெரிய மோகமாக இருந்தது.

1960-களின் கடைசியிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை வந்த பிரௌனிங்குகளை வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அப்போது உப்பைக் கொண்டு உலர்த்திய வால்நட் மரம் சிலவற்றில் போயிருக்கிறது. மரத்தோடு ஒட்டியிருக்கும் உலோகம் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துப் பொரிந்துவிடும். மற்ற மாடல்களைவிட ஆட்டோ-5-ல் குறைவுதான், ஆனாலும் கட்டையைக் கழற்றி, மெருகு இல்லாத உள்மரத்தில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் கரைசல் வைத்துப் பார்ப்பது நல்லது. வெள்ளையாகத் திரிந்தால் உப்பு இருக்கிறது. அந்த மரத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எல்லாம் கூட்டிய பிறகு சுட்டுப் பார்த்தோம். வளையத்தை முதலில் பலமான நிலையில்தான் வைத்தேன். எப்போதும் முழுப் பிடியிலிருந்து தொடங்கி, ஓடாவிட்டால் மட்டும் தளர்த்துவதுதான் முறை. லேசான 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அந்தப் பிடி அதிகமாகிவிட்டது, காலிக் கூடு பாதியில் நின்றது. வளையத்தை லேசான நிலைக்கு மாற்றியதும் கூடுகள் ஒழுங்காகத் தெறித்தன, தோளில் உதை மென்மையாக இருந்தது, முன்பிடியில் அதிர்வு இல்லை. கடைசியில் வளையம் முன்பு கிடந்த அதே இடத்துக்கே போனது. புது ஸ்பிரிங், காய்ந்த குழாய், சரியான தோட்டா மூன்றும் சேர்ந்ததால் இப்போது அந்த இடம் சரியாகிவிட்டது.

துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்குள் ஒரு அட்டை ஒட்டிக் கொடுத்தேன்: அறை 65 மி.மீ., 70 போடக்கூடாது. வளையம் இப்போது லேசான நிலையில், பலமான தோட்டா போட்டால் மாற்ற வேண்டும், அதற்கான வரிசை இது. இரும்பு ரவை கூடாது. இந்தக் கடைசி வரி ஏனென்றால், 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை தடை, பலரும் இரும்புக்கு மாறிவிட்டார்கள். பழைய பெல்ஜியக் குழலுக்கு இரும்பு ஆகாது. வாத்து வேட்டைக்குப் போனால் பிஸ்மத் ரவைதான்.

பேரன் இதை எடுத்துப்போகலாமா என்று ஆசிரியை கேட்டார். போகலாம், ஆனால் முதலில், தவறிச் சுடாமல் பூட்டிவைக்கும் பாதுகாப்பு விசையைப் பழக வேண்டும் என்றேன். போருக்குப் பிந்தைய ஆட்டோ-5-களில் அது சுடும் விசைக்குப் பின்னால் குறுக்கே தள்ளும் பொத்தானாக மாறிவிட்டது. இதில் சுடும் விசைக்கு முன்னால், விசைக்கூட்டின் உள்ளேயே இருக்கிறது. விரலை உள்ளே விட்டுத்தான் அதை இயக்க முடியும். அதனால் குண்டு போடாத துப்பாக்கியில், குழல் பாதுகாப்பான திசையைப் பார்த்திருக்க, கை தானாகச் செய்யும்வரை பழகிவிட்டு, அதன் பிறகு வயலுக்குப் போகட்டும்.